திண்ணையில் ஒரு வைரஸ்

எதிர் வீட்டுப் பாட்டி என்னை ஒரு கேள்வி கேட்டுவிட்டார். சாதாரணக் கேள்வி இல்லை; கணக்குக் கேட்கிற கேள்வி.

2021-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஒரு குழந்தைக்காக 16 கோடி ரூபாய் ஊசி மருந்து வாங்கப் பணம் திரட்டினார்களே, நேயர்களுக்கு ஞாபகம் இருக்கும். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் தங்களால் ஆனதை அனுப்பினார்கள். மத்திய சர்க்கார் அந்த மருந்துக்கு இறக்குமதி வரியைத் தள்ளுபடி செய்தது. பாட்டியும் பேரன் மூலமாக ஐந்நூறு ரூபாய் அனுப்பியிருந்தாராம். இத்தனை வருஷம் சும்மா இருந்தவர், போன வாரம் யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு, ஆபீசுக்குக் கிளம்பிய என்னைத் தெருவிலேயே மடக்கிவிட்டார்.

"ஏம்ப்பா, நீ பத்திரிகையிலே எழுதறவன்தானே? அந்த மருந்துக்குள்ளே இருந்தது வைரஸாமே, நிஜமா? வியாதியைக் கொண்டு வர்ற சனியனைக் காசு கொடுத்து வாங்கிப் பச்சைக் குழந்தைக்கு ஏத்துவாங்களா? என் ஐந்நூறு ரூபாய் இதுக்குத்தான் போச்சா?"

"வைரஸ் என்பது நிஜம்தான், பாட்டி. ஆனால் அது வியாதியைக் கொண்டு வரவில்லை. ஒரு கடுதாசியைக் கொண்டு வந்தது" என்றேன்.

"யாருக்கு?" என்றார் பாட்டி.

பாருங்கள், ஒரே வார்த்தை! 1990-ம் ஆண்டில் அமெரிக்காவில் முதல் ஜீன் சிகிச்சைப் பரிசோதனை நடந்த நாளிலிருந்து பெரிய பெரிய விஞ்ஞானிகள் மண்டையைக் குழப்பிக்கொண்டிருக்கும் கேள்வி அது. கடிதத்தை எழுதுவது இப்போது அவர்களுக்குக் கைவந்த கலை. யாருக்கு, எந்த வாசல் வழியாக என்பதில்தான் வெற்றியும் தோல்வியும், சில சமயம் உயிரும், இருக்கின்றன.

முதலில் அந்தக் குழந்தைகளின் வியாதியைப் பற்றி இரண்டு வார்த்தை. ஸ்பைனல் மஸ்குலர் அட்ரோபி என்று பெயர். நம் முதுகுத் தண்டில் தசைகளுக்கு உத்தரவு போடும் நரம்பு அணுக்கள் இருக்கின்றன. அவை உயிரோடிருக்க ஒரு புரதம் வேண்டும். அந்தப் புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு, அதாவது ஜீன், இந்தக் குழந்தைகளிடம் பிறவியிலேயே பழுதாகவோ இல்லாமலோ இருக்கிறது. பாரிஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 1995-ல் இந்த ஜீனை அடையாளம் கண்டார்கள். குறிப்பு இல்லை, புரதம் இல்லை. நரம்பு அணுக்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. தலை நிற்பதில்லை, பிறகு பால் விழுங்க முடிவதில்லை, பிறகு மூச்சு. கடுமையான வகையென்றால் இரண்டு வயதைக் காண்பதே அபூர்வமாக இருந்தது.

சரி, இல்லாத குறிப்பை எழுதி உடம்பில் செலுத்திவிட்டால் போயிற்று என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். ஜீன் என்பது நூலிழை போன்ற வஸ்து. வெறுமனே ரத்தத்தில் விட்டால் கத்தரித்துப் போடுவதற்கென்றே அங்கே ரசாயனங்கள் தயாராக இருக்கின்றன. தப்பிப் பிழைத்து ஓர் உயிரணுவின் வாசல் வரை போனாலும், அந்த அணுவைச் சுற்றியிருக்கும் சவ்வு எண்ணெய்ப் பசையுள்ளது. ஜீனோ தண்ணீரோடு உறவாடும் ஜாதி. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டுமா?

ஆனால் வைரஸ்களுக்கு யுக யுகமாக இதே தொழில். தன் ஜீனை ஒரு கூட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு, அடுத்தவன் வீட்டுக்குள் புகுந்து, அதை அங்கே வைத்துவிடுவதுதான் ஒரு வைரஸின் முழு ஜீவிய சரித்திரம். திருடனுக்குத் தெரிந்த வழி வீட்டுக்காரனுக்குத் தெரியாது என்பார்களே, அப்படி.

எந்தத் திருடனை நம்பிக் கடிதத்தைக் கொடுப்பது? 1965-ல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்து ஆராய்ச்சி சாலையில் ஒரு சம்பவம். ஜலதோஷம் போன்ற உபாதைகளைத் தரும் அடினோ வைரஸை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் நடுவே பொடிப் பொடியாக வேறு ஏதோ தெரிந்தது. முதலில் அசுத்தம் என்றே கொள்ளத்தக்க அந்தப் பொடி, தனி ஒரு வைரஸ். பெரிய மனிதர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குள் நுழைந்துவிடும் பேர்வழி இருப்பான் அல்லவா? அந்த ரகம். அடினோ வைரஸ் போன்ற ஒன்று துணைக்கு வந்தாலொழிய இதனால் பெருக முடியாது. அதனாலேயே இதற்கு அடினோ துணை வைரஸ் என்று பெயர், சுருக்கமாக ஏ.ஏ.வி. மனிதருக்கு எந்த வியாதியையும் இது உண்டாக்குவதாக இன்று வரை நிரூபணம் இல்லை. ஒரு மில்லி மீட்டர் நீளத்தில் 40,000 வைரஸ்களை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு சிறிசு.

சாது, சிறிசு, உள்ளே போகும் வழி தெரிந்தது. வேறென்ன வேண்டும்? அதன் சொந்த ஜீன்களை எடுத்து எறிந்துவிட்டு, காலிக் கூட்டில் நம் கடிதத்தை வைத்துவிட்டார்கள். சுமார் 4,700 எழுத்துக்குள் கடிதம் அடங்கவேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை.

இனி அந்தக் கூட்டின் யாத்திரையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். நம் பழைய வீடுகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திண்ணை, ரேழி, கூடம், எல்லாவற்றுக்கும் உள்ளே நகையும் பத்திரமும் இருக்கும் அறை.

உயிரணுவின் வெளிப்புறம் முழுவதும் சர்க்கரைச் சங்கிலிகள் தோரணம் தோரணமாகத் தொங்குகின்றன. வைரஸ் வந்து முதலில் இந்தத் தோரணத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஏ.ஏ.வி.யில் பல வகைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு தோரணத்தை நாடும். குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஒன்பதாம் வகை, பாலில் இருக்கும் சர்க்கரையின் ஒரு பாதியான கேலக்டோஸைப் பிடிக்கிறது. இது திண்ணையில் உட்காருவது மாதிரி. திண்ணையில் உட்கார்ந்தவனெல்லாம் வீட்டுக்குள் வந்தவன் ஆகிவிடுவானா? கதவு திறக்கவேண்டுமே.

அந்தக் கதவு எது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1995-லேயே ஏ.ஏ.வி.யை மனிதருக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். 2012-ல் ஐரோப்பாவில் அதை விற்பனை மருந்தாகவே அனுமதித்துவிட்டார்கள். ஆனால், ஏறக்குறைய எல்லா வகை ஏ.ஏ.வி.க்கும் பொதுவான கதவு அகப்பட்டது 2016-ல்தான்! ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் யான் கரெட்டே என்பவரின் குழுவினர், உயிரணுக்களில் ஒரு சமயத்துக்கு ஒரு ஜீன் வீதம் கெடுத்து, எதைக் கெடுத்தால் வைரஸ் உள்ளே போகாமல் நின்றுவிடுகிறது என்று சல்லடை போட்டுத் தேடினார்கள். ஒரு புரதம் சிக்கியது. அதற்கு அதுவரை உருப்படியான பெயர் கூடக் கிடையாது; ஒரு பட்டியல் நம்பர்தான். இருபது வருஷம் ஒரு வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்துவிட்டு, பிறகு வாசல் எந்தப் பக்கம் என்று விசாரித்த கதை இது. விஞ்ஞானம் நாம் நினைப்பதுபோல் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு காரியத்தில் இறங்குவதில்லை.

அந்தப் புரதத்தின் அன்றாட வழக்கம்தான் சுவாரசியமானது. அது அணுவின் வெளிப்புறத்துக்கும், உள்ளே கோல்ஜி என்னும் பகுதிக்கும் ஓயாமல் போய் வந்துகொண்டிருக்கிறது. கோல்ஜி என்பது அணுவுக்குள் இருக்கும் தபால் பிரிக்கும் ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபீசுக்குத் திரும்பும் சிப்பந்தியின் சைக்கிள் காரியரில் தொற்றிக்கொள்வது போல் வைரஸ் தொற்றிக்கொள்கிறது. ஆக, கதவை யாரும் உடைக்கவில்லை. உயிரணுவே, தன் வழக்கப்படி, தன் கையாலேயே உள்ளே இழுத்துக்கொள்கிறது.

எப்படி இழுக்கிறது தெரியுமா? கிராமத்துப் பெண்கள் சேலை முந்தானையில் காசை வைத்து முடிவார்களே, அதே மாதிரி. சவ்வு அந்த இடத்தில் குழிந்து, வைரஸைச் சுற்றி மூடி, ஒரு முடிச்சாக அறுபட்டு உள்ளே போகிறது. வைரஸ் இப்போது ரேழியில் நிற்கிறது. வீட்டுக்குள்தான், ஆனால் இன்னும் முடிச்சுக்குள்.

இங்கே ஆபத்து. முந்தானை முடிச்சில் வருவதையெல்லாம் ஜீரணித்துவிடுவது அணுவின் பழக்கம். அதற்காக முடிச்சுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் புளிப்பு ஏறுகிறது. சாதாரணச் சரக்கு என்றால் அதோடு சரி. வைரஸோ அந்தப் புளிப்புக்காகவே காத்திருக்கிறது! அதன் கூடு 60 புரதத் துண்டுகளால் ஆனது. அவற்றில் ஏதோ ஐந்தில் மட்டும் ஒரு வால் உட்புறமாக மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. புளிப்புப் பட்டதும் கூடு சற்றே நெகிழ்ந்து, வால் வெளியே வருகிறது. அந்த வாலில் கொழுப்பை அறுக்கும் ஓர் உளி. முடிச்சின் சுவர் கொழுப்பு. அறுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்துவிடுகிறது. ஜீரணிக்க வைத்த புளிப்பையே சாவியாக்கிக்கொண்ட சாமர்த்தியத்தை என்னவென்று சொல்ல!

எல்லாக் கூடுகளும் தப்புவதில்லை. வழியிலேயே அழிந்துபோகிறவை ஏராளம். தப்பியவை உட்கருவின் சுவரிலுள்ள துவாரத்தில் நுழைகின்றன. அவ்வளவு சிறிசாக இருப்பதால் முழுக் கூடாகவே நுழைய முடிகிறது. உள்ளறையில் கூடு பிரிந்து கடிதம் வெளியே வருகிறது. இயற்கையான ஏ.ஏ.வி.யின் ஜீன் ஒற்றை இழை. அணு அதற்கு ஜோடி இழை பின்னிய பிறகுதான் வேலை தொடங்கும், அதற்கு நாளாகும். குழந்தைகளின் மருந்தில் இழையை முன்னதாகவே இரட்டையாக மடித்து வைத்துவிட்டார்கள். நரம்பு அணுக்கள் செத்துக்கொண்டிருக்கும்போது நாளை வீணாக்கலாமா? கடிதம் பெரும்பாலும் அணுவின் சொந்த ஜீன்களோடு கலக்காமல் தனியாகவே தங்கிவிடுகிறது. நரம்பு அணு பிளந்து பெருகுவதில்லை. எனவே கடிதமும் தொலைவதில்லை.

இப்போது பாட்டியின் "யாருக்கு?" என்ற கேள்விக்கு வருவோம்.

ரத்தத்தில் விட்ட வைரஸ் முதுகுத் தண்டுக்குத்தான் போகும் என்று என்ன நிச்சயம்? ரத்தத்திலிருந்து மூளைக்கும் தண்டுவடத்துக்கும் கண்டதெல்லாம் போய்விடாதபடி இயற்கை ஒரு காவல் சுவர் வைத்திருக்கிறது. ஒன்பதாம் வகை ஏ.ஏ.வி. அதைத் தாண்டுகிறது என்பதை 2009-ல் ஒஹையோ மாநிலத்து ஆராய்ச்சியாளர்கள் பிறந்த எலிக்குட்டிகளில் காட்டினார்கள். பிறகு குழந்தைகள். 2017-ல் வெளியான முடிவு இது: சிகிச்சை பெற்ற 15 குழந்தைகளும் 20 மாத வயதில் நிரந்தரமாக மூச்சு இயந்திரத்தை நாடாமல் உயிருடன் இருந்தார்கள். சிகிச்சை இல்லாத பழைய கணக்கில் அப்படி இருந்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர். அதிக அளவு மருந்து பெற்ற 12 பேரில் 11 பேர் துணையின்றி உட்கார்ந்தார்கள், இருவர் நடந்தார்கள். 2019 மே மாதம் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஸோல்ஜென்ஸ்மா என்ற பெயரில் அமெரிக்கா இதை அனுமதித்தது. அப்போதைய விலை 21.25 லட்சம் டாலர்.

ஆனால் காவல் சுவரைத் தாண்டுகிறவை கொஞ்சம்தான். பெரும்பகுதி கல்லீரலுக்குப் போய்ச் சேருகிறது. ஆகவே, வேண்டிய இடத்தில் வேண்டியது விழவேண்டுமானால் வெள்ளமாக விடவேண்டும்: குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 110 லட்சம் கோடி வைரஸ்கள்! ஊசி என்கிறோமே தவிர, ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். கடிதத்தைக் கேட்காத கல்லீரல் அத்தனையையும் வாங்கித் திணறும். அதனால் முந்தின நாளே ஸ்டீராய்டு மருந்து தொடங்கி, வாரக்கணக்கில் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்கிறார்கள். அப்படியும், கல்லீரல் செயலிழந்து இரண்டு குழந்தைகள் இறந்த செய்தி 2022-ல் வந்தது. இதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் எழுதுவது நியாயமாகாது.

இதைவிடப் பெரிய அடி 1999-ல் விழுந்தது. ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது வாலிபனுக்குக் கல்லீரலில் ஒரு பிறவிக் குறை. பத்தியத்தாலும் மாத்திரைகளாலும் ஓரளவு கட்டுக்குள் இருந்தது. தன்னைப் போல் பிறக்கும் குழந்தைகளுக்கு உதவட்டும் என்று பரிசோதனைக்கு முன்வந்தான். பிலடெல்பியாவில், செப்டம்பர் 13-ம் தேதி, கல்லீரலுக்குப் போகும் ரத்தக் குழாயிலேயே மருந்தைச் செலுத்தினார்கள். அப்போது தூதுவனாக இருந்தது நம் சாது அல்ல, அடினோ வைரஸ். விலாசம் கல்லீரல்தான். ஆனால் அது மற்ற வாசல்களையும் தட்டியது. உடம்பின் காவல் படை முழுவதும் விழித்துக்கொண்டு கொதித்தெழுந்தது. நான்காம் நாள் பையன் போய்விட்டான். அதன் பிறகு ஜீன் சிகிச்சை என்ற பேச்சே வெகு காலம் அடங்கிக் கிடந்தது.

காவல் படையைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். ஏ.ஏ.வி. சாதுதான், ஆனாலும் உடம்பு அதன் முகத்தை மறப்பதில்லை. ஒரு தரம் வந்துபோனால், மறுபடி வாசலில் கண்டதுமே பிடித்துக் கட்டிவிட எதிர்ப்புப் பொருள்களை உற்பத்தி செய்து வைத்துக்கொள்ளும். எனவே இந்தச் சிகிச்சை ஆயுளில் ஒரே ஒரு தரம்தான். இயற்கையான ஏ.ஏ.வி. உலகெங்கும் உலவுவதால், நம்மில் பலரிடம் அந்த எதிர்ப்பு ஏற்கெனவே இருக்கிறது. தாயின் ரத்தம் வழியாகக் குழந்தைக்கும் வரும். பெற்றோர் ஓடியாடிப் பணத்தைச் சேர்த்து வைத்திருப்பார்கள். ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பு அதிகம் என்று வந்துவிட்டால் மருந்தை ஏற்ற முடியாது. தாயிடமிருந்து வந்தது சில வாரங்களில் குறையும் என்று காத்திருந்து மறுபடி பார்ப்பார்கள். அந்த வாரங்களிலும் நரம்பு அணுக்கள் மடிந்துகொண்டுதான் இருக்கும். அந்த வீட்டில் காலண்டர் தாளைக் கிழிக்கிறவர்களின் மனம் என்ன பாடுபடும்!

கடிதத்தை ஊர் முழுக்க இறைத்து, உரியவருக்குக் கிடைக்கட்டும் என்று காத்திருப்பதற்குப் பதிலாக, உரியவரையே தபால் ஆபீசுக்கு வரவழைத்துக் கையில் கொடுத்தால் என்ன? நமது வேலூரில் அதைத்தான் செய்தார்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஆலோக் ஸ்ரீவாஸ்தவாவும் அவருடைய சகாக்களும் எடுத்துக்கொண்டது ஹீமோபிலியா. அடிபட்டால் ரத்தம் உறையாத நோய். காரணம், எட்டாம் காரணி என்ற புரதம் இல்லாமை. நோயாளியின் ரத்தத்திலிருந்தே மூல அணுக்களைப் பிரித்தெடுத்து, சோதனைச்சாலையில் வைத்து வைரஸோடு சேர்த்து, கடிதம் உள்ளே போன பிறகு அந்த அணுக்களை உடம்புக்குத் திருப்பித் தந்தார்கள். வைரஸ் உடம்பில் அலைய வேண்டிய அவசியமே இல்லை.

இந்தத் தூதுவன் வேறு ஆள். பெயரைக் கேட்டால் பாட்டி இன்னும் பதறுவார்: எய்ட்ஸ் உண்டாக்கும் எச்.ஐ.வி. குடும்பம்! அதன் கெடுதல் ஜீன்களைக் களைந்துவிட்டுக் கூட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். சாவியையும் மாற்றிவிடுகிறார்கள். எச்.ஐ.வி.யின் சொந்தச் சாவி, சில வெள்ளை அணுக்களின் கதவைத்தான் திறக்கும். இந்த ரகத் தூதுவர்களுக்கு வழக்கமாகப் பொருத்துவது, மாட்டுக்கும் குதிரைக்கும் வாயில் கொப்புளம் உண்டாக்கும் வேறொரு வைரஸின் சாவி. அது எந்தக் கதவைத் திறக்கிறது என்பது 2013-ல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆராய்ச்சி நிலையத்தில் தெரியவந்தது. டாக்டர்கள் கெட்ட கொலஸ்ட்ரால் என்று நம்மைப் பயமுறுத்துவார்களே, எல்.டி.எல்., அதை அணுக்கள் உள்ளே வாங்கிக்கொள்ளும் அதே கதவு! அநேகமாக எல்லா அணுக்களிலும் அது உண்டு. ஓய்ந்திருக்கும் மூல அணுக்களில்தான் குறைவு. ஆகவே முதலில் ஊட்டம் கொடுத்து அவற்றைத் தட்டி எழுப்பவேண்டும்.

வேலூரில் ஐந்து பேருக்குச் சிகிச்சை நடந்தது. முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. முதல் இருவருக்கு இப்படி. அடுத்த மூவருக்கு, வைரஸ் அணுவுக்குள் நுழைவதை எளிதாக்கும் ஒரு பொருளையும் கூடச் சேர்த்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். பின் மூவருக்கும் எட்டாம் காரணியின் அளவு முதல் இருவரைவிடப் பல மடங்கு இருந்தது. கடிதம் ஒன்றே; வாசலில் மட்டும் கொஞ்சம் எண்ணெய் போட்டார்கள். ஐந்து பேருக்குமே, சிகிச்சைக்குப் பின் கவனித்த காலம் வரை, ரத்தக் கசிவு உபத்திரவம் வரவில்லை.

இதிலும் பயம் இல்லாமல் இல்லை. இந்த வகை வைரஸ் கடிதத்தைத் தனியே வைக்காது. அணுவின் சொந்தப் புத்தகத்திலேயே ஒட்டிவிடும். தப்பான பக்கத்தில் ஒட்டினால் விபரீதம். பாரிஸில் இதற்கு முந்தைய ரகம் ஒன்றைப் பெற்ற குழந்தைகள் சிலருக்கு 2002-லிருந்து லுகீமியா கண்டது. ஆகையால் வேலூர் நோயாளிகளையும் வருஷக்கணக்கில் கண்காணித்தாக வேண்டும்.

இத்தனையையும் பாட்டியிடம் திண்ணையில் உட்கார்ந்தே சொல்லி முடித்தேன். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. எழுந்தபோது பாட்டி கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எல்லாம் சரி. அந்த வைரஸ் குழந்தைகிட்டேருந்து வீட்டிலே இருக்கிறவங்களுக்கு ஒட்டாதா?"

ஒட்டிப் பெருகாது, பெருகுவதற்கான ஜீன்களைத்தான் எடுத்துவிட்டார்களே. ஆனால் மிச்சம் மீதி கொஞ்சம், முக்கியமாக மலத்தில், சில வாரங்கள் வெளியே வரும். ஆகவே 16 கோடி ரூபாய் மருந்தோடு டாக்டர்கள் பெற்றோருக்கு ஒரு யோசனையும் சொல்லி அனுப்புகிறார்கள்: ஒரு மாதம் வரை குழந்தையின் அழுக்குத் துணியைத் தனிப் பையில் கட்டிப் போடுங்கள், கையை நன்றாக சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

"அதை நானே சொல்லியிருப்பேனே!" என்றார் பாட்டி.